கடைசி அடி அடித்தவனுக்கே புள்ளி

நேற்று உங்கள் கூட்டத்தில் நானும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தேன். ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டுக் காபி கொடுத்தால், அவன் வாயை மூடிக்கொண்டு குடிப்பதுதான் மரியாதை. குடித்தேன். ஆனால் நீங்கள் போட்ட சண்டை காதில் விழாமல் இல்லை. நீங்கள் செய்கிற, நாலு பேர் சேர்ந்து ஆடும் கம்ப்யூட்டர் விளையாட்டில், வாளெடுத்து அடிப்பவனுக்கு எவ்வளவு அனுபவப் புள்ளி, பின்னால் நின்று காயம் ஆற்றுபவனுக்கு எவ்வளவு என்பதுதானே சண்டை? "வைத்தியருக்குப் பாதி போதும்" என்று உங்களில் ஒருவர் சொல்லி, பலகையில் எழுதியும் விட்டார்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவராவது பாதி கொடுத்தார், நான் பூஜ்யம் கொடுத்தவன். அந்தக் கதையைச் சொல்கிறேன். சொல்லி முடித்ததும் பலகையை அழிப்பதும் அழிக்காததும் உங்கள் இஷ்டம்.

தொண்ணூறுகளின் பிற்பாதி. தி. நகரில் பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு தெருவில், பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. கீழே நாள் முழுக்க அண்டா உருட்டுவார்கள். கடைசியில் அந்தச் சத்தத்தையே பதிவு செய்து, எங்கள் அரக்கன் விழுகிற சத்தமாக வைத்துக்கொண்டோம். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்காக ஒரு விளையாட்டு செய்துகொண்டிருந்தோம். ஒரு பாழடைந்த கோட்டை, ஏழு தளம், தளத்துக்குத் தளம் அரக்கர்கள். மூன்று பேர் மூன்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒன்றாக உள்ளே போக வேண்டும். கம்ப்யூட்டர்களை ஒரே கறுப்புக் கேபிளில் கோத்திருந்தோம். ஒருவர் கால் தெரியாமல் இடித்தால் மூன்றும் போய்விடும். அதனால் அந்த அறைக்குள் எல்லோரும் கோயில் பிராகாரத்தில் நடப்பது போலத்தான் நடப்போம்.

புள்ளிக்கான விதியை எழுதியவன் நான். அரக்கனின் உயிர் எந்த அடியில் பூஜ்யத்துக்கு வருகிறதோ, அந்த அடியை அடித்தவனுக்கு மொத்தப் புள்ளியும். புள்ளி சேர்ந்தால் லெவல் ஏறும், லெவல் ஏறினால் பலம் ஏறும். ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்டால், அதுதான் எழுதச் சுலபம். கடைசி அடி யாருடையது என்பது கம்ப்யூட்டருக்கு உடனே தெரிந்துவிடும். எங்கள் எம்.டி.க்கும் அது பிடித்துப்போயிற்று. "போட்டி இருந்தாத்தான்யா விறுவிறுப்பு" என்றார்.

ஆடிப் பார்த்துத் தப்புக் கண்டுபிடிக்க மூன்று பேரை மூன்று மாதத் தற்காலிகத்தில் எடுத்திருந்தோம். மூவரில் இருவரைத்தான் நிரந்தரமாக்குவோம் என்று முதல் நாளே சொல்லியாயிற்று.

பிரபு சைதாப்பேட்டையிலிருந்து ரயிலில் வருவான். அவனுக்கு வில்லாளி பாத்திரம். சலீம் மீர்சாகிப்பேட்டை. அவன் அத்தா அங்கே புத்தக பைண்டிங் கடை வைத்திருந்தார். அவனுக்கு வீரன் பாத்திரம், முன்னால் நின்று அடி வாங்கி அடி கொடுக்கிறவன். மூன்றாவது வைதேகி. மயிலாப்பூர் குளத்துக்குப் பக்கத்தில் வீடு, அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவளுக்கு வைத்தியர் பாத்திரம். அந்த வைத்தியர் கையில் ஒரு தடி உண்டு. அடித்தால் கொசு கூடச் சாகாது. ஆனால் தொட்டால் சாகக்கிடக்கும் வீரன் எழுந்து நிற்பான்.

வைதேகிக்கு அந்த வேலை ரொம்ப முக்கியமாக இருந்தது. "விளையாடறதுக்கு எவனாவது சம்பளம் குடுப்பானா?" என்று அவள் அப்பா வீட்டில் தினம் ஒரு தடவை கேட்பாராம். நிரந்தரக் கடிதம் வந்தால் நம்புகிறேன், வராவிட்டால் பேங்க் பரீட்சைக்குப் படி என்று சொல்லி, கோச்சிங் வகுப்பில் பெயரும் கொடுத்துவிட்டார். அவளுக்கோ இந்த வேலை மேல் உயிர். ஒரு தளத்தை நூறு தடவை ஆடினாலும் நூற்றோராவது தடவை புதிதாக ஆடுவது போலக் கண்ணை அகல விரித்துக்கொண்டு ஆடுவாள். அந்த மாதிரி ஆளை நான் என் முப்பது வருஷத்தில் இரண்டோ மூன்றோதான் பார்த்திருக்கிறேன்.

முதல் வாரமே அவள் ஒரு புகார்த் தாள் கொடுத்தாள். ஏழாம் நம்பர். "வைத்தியருக்குப் புள்ளியே வருவதில்லை. இது சரியா?" அவ்வளவுதான். நான் அதை முழுதாக ஒரு நிமிஷம் கூடப் பார்க்கவில்லை. சிவப்பு மையில் "விதிப்படி சரி. முடிக்கப்பட்டது" என்று எழுதிக் கோப்பில் செருகினேன். நான் எழுதிய விதியை நானே பார்த்து, விதிப்படி சரி என்று நானே தீர்ப்பும் சொல்லிவிட்டேன்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மூவரும் எவ்வளவு வேலை செய்கிறார்கள் என்று எம்.டி. அடிக்கடி கேட்டார். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. யார் எந்த லெவலில் இருக்கிறார்கள் என்று ஒரு சார்ட் எழுதிச் சுவரில் ஒட்டினேன். தினமும் அவரவர் லெவலை அவரவரே அதில் திருத்தி எழுத வேண்டும். நிறைய ஆடினால் லெவல் நிறைய ஏறியிருக்கும், அப்படியானால் நிறைய வேலை செய்திருக்கிறார்கள் என்பது என் கணக்கு. எம்.டி. காலையில் வந்ததும் முதலில் அந்தச் சார்ட்டைத்தான் பார்ப்பார். பிரபு பத்து, சலீம் எட்டு, வைதேகி இரண்டு. "அந்தப் பொண்ணு இன்னாய்யா, தூங்குதா?" என்று ஒரு நாள் என்னிடம் கேட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்ற ஆரம்பித்திருந்தது என்பதை இன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பிரபுவைப் பற்றி ஒரு வார்த்தை. அரக்கன் சாகிற நேரம் பார்த்துத் தூரத்திலிருந்து ஓர் அம்பு விடுவான், புள்ளியைத் தட்டிக்கொண்டு போய்விடுவான். அவன் கெட்டவனில்லை. நான் எழுதிய விதியை ஒழுங்காகப் படித்தவன், அவ்வளவுதான்.

மூன்றாவது மாதம். வெளிநாட்டுக் கம்பெனி ஆள் ஒரு சனிக்கிழமை காலை நேரில் வந்து பார்ப்பதாகத் தகவல் வந்தது. அந்த வாரத்தில்தான் ஒரு பக், அதாவது புரோகிராம் கோளாறு, கண்ணில் பட்டது. சண்டை நடந்துகொண்டே இருக்கும், அரக்கன் சாகப்போகிற நேரத்தில் சலீமின் வீரன் கல்லாகச் சமைந்து நின்றுவிடுவான். அடிக்க மாட்டான், நகர மாட்டான், அரக்கனிடம் சும்மா அடி வாங்கிக்கொண்டிருப்பான். சில சமயம் அப்படி நின்றே செத்தும் போவான். வந்தவர் முன்னால் இது நடந்தால் மானம் கப்பலேறிவிடும்.

இரண்டு நாள் என் புரோகிராமை வரிவரியாக மேய்ந்தேன். கேபிளை மாற்றினேன், கம்ப்யூட்டரை மாற்றினேன், கீழ்க் கடைக்காரர் மின்சாரத்தில் ஏதோ செய்கிறார் என்று அவரிடம் போய்ச் சண்டையும் போட்டேன். ஒன்றும் சிக்கவில்லை. வியாழக்கிழமை, ஆட்டத்தில் நடந்த ஒவ்வொரு அடியையும் தாளில் அச்சடித்து, அறை நீளத்துக்குத் தரையில் விரித்துப்போட்டு, மண்டியிட்டுப் படித்தேன்.

அப்போதுதான் தெரிந்தது. வீரன் நிற்கிற ஒவ்வொரு தடவையும் அரக்கனுக்குத் துளி உயிர்தான் மிச்சம். ஒவ்வொரு தடவையும் வைத்தியர் பக்கத்தில் நிற்கிறார். அடுத்த வரி வைத்தியரின் தடியடி. அரக்கன் காலி, புள்ளி வைத்தியருக்கு. வைத்தியர் தூரத்தில் இருந்தால் வீரன் நிற்பதே இல்லை. ஓரிடத்தில் பிரபுவின் அம்பு வரும் வழியில் குறுக்கே போய் நின்று, அந்த அம்பையும் தன் முதுகில் வாங்கியிருந்தான்.

நிமிர்ந்து சுவரிலிருந்த சார்ட்டைப் பார்த்தேன். நடுவில் மூன்று வாரமாக நான் ஒழுங்காகக் கவனிக்கவில்லை. பிரபு பதினாலு. சலீம் ஒன்பது. வைதேகியும் ஒன்பது.

சலீமைக் கீழே டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தாளைக் காட்டினேன். பார்த்துவிட்டு டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"அது பக் இல்ல சார். நான்தான் நின்னேன்."

"ரெண்டு நாளா நான் பைத்தியக்காரன் மாதிரி தேடறேன். சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொன்னா திட்டுவீங்கன்னு..."

"உனக்கு இந்த வேலை வேணாமா?"

"வேணும் சார். யாருக்கு வேணாம்? ஆனா அந்தச் சார்ட்ல நான் ஏறிக்கினே கீறேன், அவ கீழயே கீறா. அவ இல்லாங்காட்டி கோட்டையில ரெண்டாவது தளத்துலயே நான் அவுட்டு. தெனம் அதைப் பாத்துக்கினே எப்டி சார் சோறு எறங்கும்? ரெண்டு பேரும் ஒரே நம்பர்ல வந்து நின்னா, நீங்க பாத்து இன்னாவது பண்ணுவீங்கன்னு நெனச்சேன்."

நான் பார்த்து ஏதாவது செய்வேன் என்று அவன் நம்பியிருக்கிறான். நான் என்ன செய்தேன்? சார்ட் எழுதினேன். அந்த டீ எனக்கு இறங்கவில்லை.

மேலே போய், யோசிக்காமல் இன்னொரு முட்டாள்தனம் செய்தேன். வைதேகியிடம், "உனக்கு இது தெரியுமா?" என்று தாளைக் காட்டிவிட்டேன். அவளுக்குத் தெரியாது. தாளை வரிவரியாகப் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் சுண்டிப்போனதை இன்றும் மறக்க முடியவில்லை.

"அப்போ என் லெவல் ஏறினதெல்லாம் நான் ஏத்தினது இல்லையா?" என்றாள். பிறகு சலீமைப் பார்த்துத் திரும்பினாள். "நான் உன்கிட்டக் கேட்டேனா? எனக்கு ஆட வந்துடுத்துன்னு ஆத்துல போய்ப் பெருமையாச் சொல்லிண்டிருந்தேனே. பிச்சை போட்டிருக்கே!"

சலீம் தலையைக் குனிந்துகொண்டான். பிரபு எதுவும் புரியாமல் எங்களை மாறி மாறிப் பார்த்தான்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"அவன்மேல என்ன தப்பு சார்? நான் முதல் வாரமே கேட்டேன். எங்க கோயில் தேரை ஊரே சேர்ந்து இழுக்கறது. நிலைக்கு வந்தப்புறம் சக்கரத்துக்குக் கடைசியாக் கட்டை போட்டவருக்கு மட்டும்தான் பிரசாதம்னா, அடுத்த வருஷம் யார் சார் வடம் பிடிப்பா?"

வெள்ளிக்கிழமை விதியை மாற்றலாமா என்று யோசித்தேன். காட்டப்போகிற நாளுக்கு முந்தின நாள் புரோகிராமில் கை வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிடும். எம்.டி.யிடம் சொன்னால், ஆட்டத்தைப் பொய்யாக ஆடியதற்குச் சலீமை அன்றைக்கே அனுப்பிவிடுவார். சனிக்கிழமை போகட்டும் என்று கோழைத்தனமாகத் தள்ளிப்போட்டேன். வைதேகி மட்டும் சலீமிடம் ஒன்று சொன்னாள்: "நாளைக்கு எங்கயாவது நின்னயோ, அப்புறம் உன்னோட பேச மாட்டேன். உன் ஆட்டத்தை நீ ஆடு."

சனிக்கிழமை வந்தவர் நல்ல உயரம், நல்ல சிரிப்பு. எம்.டி. அவருக்கு நாற்காலியைப் பின்னால் போட்டு, "நீங்கள் உட்கார்ந்து பாருங்கள், எங்கள் ஆட்கள் ஆடிக் காட்டுவார்கள்" என்றார். மூவரும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்கள். ஆட்டம் தொடங்கப்போகிற நேரத்தில் வைதேகி எழுந்தாள். வந்தவரிடம் அடக்கமாக ஆங்கிலத்தில் சொன்னாள், பார்ப்பதை விட ஆடினால்தான் தெரியும், என் இடத்தில் நீங்கள் உட்காருங்கள் என்று.

இது திட்டத்தில் இல்லை. எம்.டி. என்னை முறைத்தார். வந்தவரோ குழந்தை மாதிரிக் குஷியாகி உட்கார்ந்துவிட்டார்.

அவள் அவர் பின்னால் நின்று கற்றுக்கொடுத்த விதம் இருக்கிறதே, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். யார் அடி வாங்கப்போகிறான் என்று இரண்டு நொடி முன்னாலேயே சொன்னாள். எப்போது ஓட வேண்டும், எப்போது யாரைக் கைவிட வேண்டும், ஒரே நேரத்தில் இருவர் சாகக்கிடந்தால் முதலில் யாரைத் தொட வேண்டும் என்று சொன்னாள். இவ்வளவும் அவள் மண்டைக்குள் இருந்தது எனக்கே அன்றுதான் தெரியும். ஏழு லெவல் இனாமாக வந்திருக்கலாம். இந்த அறிவு இனாமாக வந்ததில்லை.

அவருக்கு ஏ.சி. அறையிலும் வியர்த்துவிட்டது. சலீமை மூன்று தடவை சாவிலிருந்து தூக்கினார். கடைசி அரக்கன் விழுந்து அண்டா சத்தம் கேட்டதும் கையைத் தட்டினார். திரையில் புள்ளிப் பட்டியல் வந்தது. பிரபுவுக்கு ஒரு குவியல், சலீமுக்கு ஒரு குவியல், அவருக்குப் பூஜ்யம். சலீம் அன்று எங்கேயும் நிற்கவில்லை.

அவர் திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கம்ப்யூட்டர் ஏதாவது கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டார்.

'விதிப்படி சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் தப்பித்துக்கொள்ளலாம். எம்.டி.யின் முகமும் அதைத்தான் கெஞ்சியது. என் தொழில் வாழ்க்கையில் நான் பெருமைப்படுகிற காரியங்கள் அதிகமில்லை. அன்று வாயைத் திறந்தது அதில் ஒன்று.

"கம்ப்யூட்டர் கெடவில்லை. விதியை நான் தப்பாக எழுதியிருக்கிறேன். நீங்கள் அரை மணியில் கண்டுபிடித்ததை இந்தப் பெண் முதல் வாரமே எழுதிக் கொடுத்தாள். நான்தான் படிக்கவில்லை."

அவர் நாற்காலியோடு திரும்பி வைதேகியைப் பார்த்தார். "அப்படியானால் எந்த விதி சரி?" என்று அவளைத்தான் கேட்டார், என்னை இல்லை.

அடுத்த வாரம் முழுக்க அதுதான் வேலை. எடுத்த எடுப்பில் எல்லோருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தேன். பிரபு தன் வில்லாளியைக் கோட்டை வாசலில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனான். திரும்பி வந்து பார்த்தால் ஒரு லெவல் ஏறியிருக்கிறது. "சார், இந்த விதி சூப்பர் சார்!" என்றான். வைதேகிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவள் சொன்னபடி மாற்றினேன். அந்தச் சண்டையில் அடித்தவனோ, ஆற்றியவனோ, குறுக்கே நின்று அடி வாங்கியவனோ, ஏதாவது ஒன்று செய்த எல்லோருக்கும் சரிபங்கு. செய்யாதவனுக்கு இல்லை.

அந்த விதியில் ஆடிய முதல் நாள் ஒரு விஷயம் பார்த்தேன். ஓர் அரக்கன் வைத்தியரை நோக்கிப் பாய்ந்தான். தூரத்திலிருந்து ஓடிவந்து குறுக்கே விழுந்தது பிரபுவின் வில்லாளி. மூன்று மாதமாகப் புள்ளி பொறுக்கிய அதே பிரபு. "மச்சி, அவ செத்தா நாம காலிடா!" என்று சலீமைப் பார்த்துக் கத்தினான். ஆள் மாறவில்லை, விதிதான் மாறியிருந்தது. அவனை மூன்று மாதம் அப்படி ஆட வைத்தது நான்தான் என்று அன்றுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

மாதக் கடைசியில் எம்.டி. கூப்பிட்டார். மேஜை மேல் என் சார்ட். "யார் ரெண்டு பேர்?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன், சலீம் நின்றது உட்பட. அவர் முகம் சிவந்தது.

"மூணு வாரம் பொய்யா ஆடியிருக்கான். அதை நீங்க நல்ல விஷயம் மாதிரி சொல்றீங்க?"

"அவன் நின்ன ஒவ்வொரு இடமும் என் விதி தப்புங்கறதுக்கு அத்தாட்சி சார். அவனை அனுப்பறதா இருந்தா, முதல்ல என்னை அனுப்பணும்."

சலீமையே கூப்பிட்டார். ஏண்டா நின்றாய் என்று கேட்டார். சலீம் பயந்துதான் போயிருந்தான். ஆனால் பதில் தயங்காமல் வந்தது.

"அவ என்னை எத்தினி தபா எழுப்பி விட்டிருக்கா சார். நான் ஒரு தபா நின்னா இன்னா சார்?"

எம்.டி. சார்ட்டை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார். "வெளிநாட்டுக்காரன் ரெண்டாவது பாகமும் நம்மளையே பண்ணச் சொல்லியிருக்கான். மூணு லெட்டரா அடிக்கச் சொல்லுங்க. இதை இனிமே சுவத்துல ஒட்டாதீங்க" என்றார்.

கடிதத்தை வாங்கிக்கொண்டு பிரபுவும் சலீமும் படியில் தடதடவென்று இறங்கிப் போனார்கள். கேபிளை இடிக்காமல் போனார்களே என்று இருந்தது. வைதேகி போகவில்லை. கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு என் மேஜை முன்னாலேயே நின்றாள்.

"அப்பா நம்புவாரா?" என்று கேட்டேன்.

"நம்புவார் சார். கோச்சிங்குக்கு இனிமே போக வேண்டாம்." கொஞ்சம் தயங்கினாள். "சார், அந்த ஏழாம் நம்பரைத் திறப்பேளா?"

கோப்பைத் தேடி எடுத்தேன். என் சிவப்பு மை அப்படியே இருந்தது. 'விதிப்படி சரி' என்பதை அடித்துவிட்டு, கீழே 'விதியே தவறு. மாற்றப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"தேதி போடலையே சார்."

வெட்கத்தில் ஓர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன். "நீ முதல் வாரமே சொன்னியே. அந்தத் தேதியையே போட்டுடட்டுமா?"

"வேண்டாம் சார்," என்றாள். "இன்னிக்குத் தேதி போடுங்கோ. எத்தனை நாள் ஆச்சுன்னு தெரியட்டும்."